தலைக்கு எண்ணெய்: பாலாற்றுக் கரைக் கிராமங்களுக்கு ஒரு சுகாதாரப் பாடம்

வேலூரைச் சுற்றியுள்ள பாலாற்றுக் கரைக் கிராமங்களில் மாலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலுள்ள காலணித் தொழிற்சாலைகளிலிருந்தும் தோல் பதனிடும் சாலைகளிலிருந்தும் வேன்கள் கிராமங்களுக்குத் திரும்புகின்றன. காலை முதல் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்கள் இறங்குகிறார்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி, "வாடி அம்மா, தலை பாரமா இருக்கா? கொஞ்சம் எண்ணெய் வைக்கிறேன்" என்று அழைக்கிறாள். கால்மணி நேரத்தில் பெண்ணின் முகம் தெளிகிறது; பின்னர் அவள் அடுப்படிக்குச் செல்கிறாள்.

இவ்வெளிய வழக்கத்தில் உண்மையான பயன் எவ்வளவு, வெறும் நம்பிக்கை எவ்வளவு, தீங்கு எங்கே மறைந்திருக்கிறது என்பவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும். செலவின்றிக் கிடைக்கும் நன்மையை இழந்துவிடலாகாது. அதேபோல், வழக்கமென்ற பெயரால் நேரும் கேட்டையும் தொடரவிடலாகாது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிந்து தம் ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

பழைய வழக்கம்

எண்ணெய் முழுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருவது. சித்த மருத்துவத்தில் தேரையர் வகுத்த நோயணுகா விதிகளுள் நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் ஒன்று. ஆத்திசூடியில் ஔவையார் சொல்லிய நீராட்டை, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்றே நம் முன்னோர் பலர் பொருள் கொண்டனர். குளிர்ந்த நீரில் குளித்தல் என்று கொண்டவரும் உளர். ஆடவருக்குச் சனி, பெண்டிருக்கு வெள்ளி என்னும் முறை பல வீடுகளில் இன்றும் உண்டு. தீபாவளி விடியலில் எண்ணெய் வைக்காத இந்துக் குடும்பம் அரிது. முஸ்லிம் குடும்பங்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் குளித்துத் தலைக்கு எண்ணெய் இடுவர். நாளும் காரணமும் வேறாயினும் எண்ணெய்க் கிண்ணம் ஒன்றே.

கிராமத்தில் முடிதிருத்தும் தொழிலாளர், சவரத்தோடு தலையும் தோளும் பிடித்துவிடுதல், காயத்திற்கு மருந்திடுதல் ஆகியவற்றையும் செய்துவந்தனர். அவர் வீட்டுப் பெண்டிர் பிரசவம் பார்த்தனர். 'மருத்துவர்', 'மருத்துவச்சி' என்னும் பெயர்கள் இதனாலேயே வழங்கின. அவர்களுடைய கைத்திறனை ஊர் பயன்படுத்திக்கொண்டதே யன்றி, உரிய கூலியும் மதிப்பும் தரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

இக்கைத்திறன் கடல் கடந்தும் சென்றது. 1759-ஆம் ஆண்டு பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர், 1814-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் கொண்ட நிலையமொன்றை நடத்தலானார். மன்னர் நான்காம் ஜார்ஜும் அவரிடம் சிகிச்சை பெற்றார். இன்று நாம் புட்டியில் வாங்கும் 'ஷாம்பு'வின் பெயர், பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்தே பிறந்தது. நம் திண்ணையிலிருந்து போன பொருள் புதுப் பெயருடன் நம் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது!

தோல் தொழில் கற்பிக்கும் உண்மை

எண்ணெயின் வேலையை விளக்க நம் வட்டாரத்தினருக்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை. குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவுவதற்கு முன், ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டே இங்கே தோல் பதனிடப்பட்டது. பதனிட்ட தோலை அப்படியே உலர்த்தினால் அது விறைத்து வெடிக்கும். எண்ணெய் ஏற்றினால்தான் வளைந்து கொடுக்கும். இதைப் பதனிடும் தொழிலாளர் யாவரும் அறிவர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். தொட்டியிலுள்ள தோல் உயிரற்றது. தானாக எண்ணெய் சுரக்காது. நம் தலைத்தோலோ ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் எண்ணெய்ச் சுரப்பியை உடையது. ஆகவே தலைக்கு நாம் இடும் எண்ணெய் துணைப்பொருளே. தலைத்தோலுக்கு அது உணவாவதில்லை.

தோலின் சுரப்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனை நமக்குக் கற்பிக்கிறது. 1955-இல் தொடங்கப்பட்ட இந்நிலையமும், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டும் தொழுநோயாளரின் கை கால்களைக் காப்பதில் உலகப் புகழ் பெற்றனர். அந்நோயில் நரம்பு கெடுவதால் வியர்வை நின்று, கை கால் உலர்ந்து வெடிக்கிறது, வெடிப்பு புண்ணாகிறது. இதைத் தடுக்க நோயாளர்க்குக் கற்பிக்கப்படும் முறை எளியது: உலர்ந்த கை கால்களை நாள்தோறும் சுமார் இருபது நிமிஷம் நீரில் ஊறவைத்து, ஈரம் முற்றும் உலருமுன் எண்ணெய் தடவவேண்டும். நீர் தோலை மென்மையாக்குகிறது. எண்ணெய் அந்நீர் வெளியேறாமல் மூடி காக்கிறது. வயலில் உழுது வெடித்த குதிகாலுக்கும் இதே முறை பொருந்தும்.

தேய்ப்பதால் விளையும் நன்மைகள்

முதலாவது, தசைகளின் இறுக்கம் தளர்கிறது. நெற்றி, பொட்டு, பிடரி, தோள் ஆகிய இடங்களிலுள்ள தசைகள் நெடுநேரம் ஒரே நிலையில் இருந்தால் இறுகுகின்றன. காலணியின் மேல்பாகம் தைப்பவர், தோலை வெட்டுபவர், நாற்று நடுபவர் ஆகிய யாவரும் கழுத்தைக் குனிந்தே வேலை செய்கின்றனர். மாலையில் தலையைச் சுற்றிக் கச்சை கட்டியது போன்ற வலி அவர்களுக்கு வருவது இதனாலேயாம். இதமாகத் தேய்ப்பதால் இறுக்கம் குறைந்து வலி தணிகிறது. இது தற்காலிகப் பயனே. மறுநாளும் அதே நிலையில் அமர்ந்தால் வலி மீளும்.

இரண்டாவது, மனம் அமைதி பெறுகிறது. நாடித்துடிப்பு சற்றே நிதானமாகிறது. அன்றிரவு உறக்கம் நன்கு வருகிறது.

மூன்றாவது, மயிர் காக்கப்படுகிறது. தேங்காயெண்ணெய் மயிரிழையின் உள்ளே சிறிது புகுந்து, கழுவும்போதும் வாரும்போதும் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆராய்ச்சி காட்டியது. கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் இக்குணம் காணப்படவில்லை.

நான்காவது நன்மையை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. கூலி வேலைக்குச் சென்று வந்த பெண்ணை இன்னொருவர் கால்மணி நேரம் கவனிக்கிறார் என்பதே அது. பல வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு அவ்வளவே. எண்ணெய் தேய்த்துவிடும் கடமை பாட்டிக்கும் மகளுக்கும் மட்டும் உரியதென்று வீட்டு ஆடவர் கருத வேண்டுவதில்லை.

எண்ணெயால் ஆகாதவை

எண்ணெய் வழுக்கைக்கு மருந்தன்று. ஜப்பானில் 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒன்பது ஆடவர் நாள்தோறும் நான்கு நிமிஷம் வீதம் 24 வாரம் தலைத்தோலைப் பிசைந்துகொண்டனர். மயிரின் பருமன் சற்றே கூடியது, எண்ணிக்கை கூடவில்லை. ஒன்பது பேரை வைத்துச் செய்த சோதனையைக் கொண்டு ஊருக்கெல்லாம் உறுதி கூற இயலாது. ஆகவே முடி வளர்க்கும் தைலமென்று சந்தையில் கூவி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

பொடுகுக்கும் எண்ணெய் மருந்தன்று. தலைத்தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சை எண்ணெய்ப் பசையை உண்டே பெருகுகிறது. பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை ஊறவிட்டால் அரிப்பு கூடும். புண், சொறி, படை உள்ள தலையையும் தேய்க்கலாகாது.

குரோமியம் உப்பினாலோ ஈரத் தோலினாலோ கையில் அரிப்பும் கொப்புளமும் தோன்றியவர், எண்ணெய் தடவினால் ஆறிவிடுமென்று நாட்களைக் கடத்தலாகாது. அது ஒவ்வாமையாக இருப்பின், அப்பொருளைத் தொடுவது நிற்கும்வரை நோய் தீராது. கையுறையின் இடத்தை எண்ணெய் நிரப்பாது.

தலைவலியின் காரணத்தைத் தேடுக

நம் வட்டாரத்தில் இதுவே மிக முக்கியமான பகுதியாகும். தலைவலி வந்தவுடன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் பழக்கத்தால் உண்மைக் காரணம் மறைந்துவிடக்கூடும்.

காலணி ஒட்டும் பசையில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் கலந்திருப்பதுண்டு. காற்றோட்டமில்லாத அறையில் அவற்றின் ஆவியைச் சுவாசிப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் உண்டாகும். வீட்டிலேயே குடிசைத் தொழிலாகக் காலணி ஒட்டுவோர், கதவை மூடிக்கொண்டு குழந்தைகளின் நடுவே வேலை செய்வதுண்டு. வேலை நாளில் வந்து விடுமுறை நாளில் நீங்கும் தலைவலி இத்தகையதென்று ஐயுறவேண்டும். இதற்கு மருந்து திறந்த ஜன்னலும், காற்றை வெளியேற்றும் விசிறியும், மூடி வைத்த பசை டப்பாவுமே. தொழிற்கூடத்தில் காற்றோட்டமும் கை கழுவும் வசதியும் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. இன்றும் அவற்றைக் கேட்டுப் பெறுவது சலுகை கோருவதாகாது.

கண்பார்வைக் குறைவு, இரத்தச் சோகை, காலை உணவின்றி வேலைக்குச் செல்லுதல், போதிய நீர் அருந்தாமை ஆகியவையும் தலைவலிக்குக் காரணமாகும். கழிப்பறைக்குச் செல்ல நேரமில்லையென்று பெண்கள் நாள் முழுதும் நீர் அருந்தாதிருப்பது பல இடங்களில் காணும் குறை. இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித வலியும் தராமலே வளர்வதால், அதை அளந்தே அறிய வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீட்டிற்கு வரும்போது யாவரும் அளந்துகொள்ளலாம்.

திடீரெனத் தாக்கும் கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, சுரத்துடன் கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் எண்ணெயை நாடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கழுத்தைச் சொடுக்குதல்

முடிதிருத்தும் கடைகளில் தலை பிடித்த பின், தாடையையும் பிடரியையும் பற்றி 'படக்'கென்று கழுத்தைத் திருப்பிச் சொடுக்கும் வழக்கம் உண்டு. ஓசை கேட்டவுடன் சுகமாயிற்றென்று மக்கள் கருதுகின்றனர். இது பெரிதும் அபாயமானது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பின் வழியே செல்கின்றன. திடீரென முறுக்கினால் குழாயின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் ஏற்படலாம். மூச்சுக்குரிய நரம்பு பாதிக்கப்பட்டவரும் உண்டு. இத்தகைய நேர்வுகள் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. கடைக்காரரைக் குறை கூறுவது இதன் நோக்கமன்று. வாடிக்கையாளர் கேட்பதாலேயே அவர் செய்கிறார். "தலையைப் பிடியுங்கள் அண்ணே, கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று நாமே சொல்லிப் பழக வேண்டும்.

குழந்தைகளுக்கு

சிசுவிற்கு இதமாக எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவது தாய்க்கும் சேய்க்கும் இன்பம் தருவது. ஆயினும் நான்கு தவறுகளை விலக்க வேண்டும்.

முதலாவது, மூக்கிலும் காதிலும் வாயிலும் எண்ணெய் விடுதல். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இவ்வழக்கத்தாலேயே நேர்ந்ததென்று மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. இரண்டாவது, உச்சிக்குழியை அழுத்துதல். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதிற்குள் அது தானே மூடும். மூன்றாவது, மண்டையை உருட்டி வடிவமாக்குதலும் மூக்கை இழுத்து விடுதலும். நான்காவது, குளித்தபின் சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுதல். புகை மூச்சைக் கெடுக்கும், தணல் சுடும். பருத்தித் துணியால் துவட்டினாலே தலை உலரும்.

பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரத்திற்குக் குளிப்பாட்ட வேண்டாமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கு, செவிலியரைக் கேட்ட பின்னரே எண்ணெய் முழுக்கைத் தொடங்க வேண்டும்.

தேய்க்கும் முறை

1. தோலைத் தேய்த்து மெருகிடும் பகுதியில் வேலை செய்தவர் தலையில் தோல் தூள் படிந்திருக்கும். முதலில் வேலை உடையை மாற்றி, தலையை நீரால் அலசித் துவட்டிவிட்டு எண்ணெய் இடுக. தூளையும் எண்ணெயையும் சேர்த்துத் தேய்த்தால் மயிர்க்காலில் கட்டி வரும்.

2. எண்ணெயை நேரே அடுப்பில் வைக்காமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குக. புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் சூடு இதமாக இருக்க வேண்டும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இரண்டு மேசைக் கரண்டி போதும்.

3. தேய்ப்பவர் நகத்தை வெட்டி, கையைக் கழுவி, பின்னால் நிற்க வேண்டும். விரல் நுனியின் சதைப் பகுதியால் தலைத்தோலை மெதுவாக நகர்த்த வேண்டும். மயிரைப் பரபரவென்று உரசினால் சிக்கு விழும்.

4. நெற்றியிலிருந்து உச்சி, உச்சியிலிருந்து பிடரி, பின்னர்ப் பொட்டிரண்டும், கடைசியில் தோள் என்ற வரிசையில் பத்து நிமிஷம் தேய்த்தால் போதும். கழுத்தின் முன்புறத்தைப் பிடித்து அழுத்தலாகாது. வலித்தால் உடனே நிறுத்துக.

5. அரைமணி நேரம் ஊறிய பின் இளஞ்சூட்டு நீரில் குளிக்க. சுரம் உள்ளவரும், தலையில் அடிபட்டவரும் அன்று எண்ணெய் தேய்க்க வேண்டாம்.

6. எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் முதியோர் உண்டு. முதியவரை முக்காலியில் அமர்த்திக் குளிப்பாட்டுக. பின்னர்த் தரையை அரப்புத்தூள் தூவித் தேய்த்துக் கழுவுக.

நீரின் செய்தி

எண்ணெய் முழுக்கிற்கு எண்ணெயைவிட நீரே மிகுதியாக வேண்டும். அந்நீர்தான் நமக்குக் குறையாக உள்ளது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் இவ்வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்ததென்று, 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் குறிப்பிடப்பட்டது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று, வேலூர்க் குடிமக்கள் தொடுத்த அவ்வழக்கில் உறுதிசெய்யப்பட்டது.

உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் கூடிப் பிசுக்காகித் தலையில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காயிலுள்ள நுரைப்பொருள் அவ்வாறு திரிவதில்லை. ஆகவே கடின நீருக்குச் சீயக்காயே ஏற்றது. கூரையிலிருந்து சேமித்த மழைநீர் மென்னீராதலால் தலை அலச மிக உகந்தது. தமிழ்நாட்டில் கட்டிடங்கள்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டதை நினைவு கொள்க. நிறமோ நாற்றமோ கொண்ட கிணற்று நீரைத் தலைக்கு ஊற்றாமல், அதைச் சோதனைக்கு அனுப்புவதே முறை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, ஊரின் கிணற்று நீரைச் சோதித்து, குளிக்கத் தகுந்த கிணறு எது, தகாதது எது என்று பலகையில் எழுதி வைத்தல்.

இரண்டாவது, குடிசைத் தொழிலாகக் காலணி ஒட்டும் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்கள் காற்றோட்டமான பொது இடத்தில் கூடி வேலை செய்ய வசதி செய்தல்.

மூன்றாவது, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வாயிலாகச் செக்கெண்ணெயும் சீயக்காய்த் தூளும் தயாரிக்க ஊக்கமளித்தல். எள்ளும் தேங்காயும் விளைவிக்கும் உழவருக்கு இதனால் ஊரிலேயே சந்தை கிடைக்கும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்னும் முதுமொழி, கலப்படமற்ற எண்ணெய்க்கே பொருந்தும்.

நான்காவது, முடிதிருத்துவோரையும், சிசுவைக் குளிப்பாட்டும் மூதாட்டியரையும் கிராமச் சுகாதாரச் செவிலியருடன் ஒரு நாள் அமரச் செய்தல். கைத்திறன் அவர்களிடம் உள்ளது. அபாயம் எதுவென்னும் அறிவு செவிலியரிடம் உள்ளது. இரண்டும் கூடினால் ஊருக்கு நன்மை.

ஐந்தாவது, குளியல் நீர் தெருவில் ஓடாமல் உறிஞ்சுகுழிக்குச் செல்ல வழி செய்தல். எண்ணெய்ப் பிசுக்குக் குழியை அடைக்காதவாறு முன்னே சிறு வடிதொட்டி அமைத்து, அதை அவ்வப்போது வழித்தெடுக்க வேண்டும்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற எண்ணெய்க் கிண்ணத்தில் இதமும் ஓய்வும் அன்பும் இருக்கின்றன. கெட்ட காற்றையும் கெட்ட நீரையும் அது திருத்தாது. அவற்றைத் திருத்தும் பொறுப்பு கிராம சபையில் கூடும் நம்மைச் சேர்ந்தது. பாட்டி கையால் பெண்ணின் தலைவலி தீர்வது நன்று. அத்தலைவலி நாளை வாராதிருக்க நாம் வழி செய்வது அதனினும் நன்று.

கலந்து ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் வேலை நாட்களில் மட்டும் தலைவலி வருவோர் எத்தனை பேர்? அவர்கள் செய்யும் வேலை யாது?

2. நம் ஊர் வீடுகளில் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் உண்டா? அதை மூதாட்டியர் மனம் நோகாமல் நிறுத்துவது எவ்வாறு?

3. கழுத்தைச் சொடுக்க மறுக்கும் முடிதிருத்தும் கடைக்காரருக்கு நாம் எவ்விதம் ஆதரவு தரலாம்?

4. நம் ஊர்க் கிணறுகளில் சீயக்காயிட்டுத் தலை அலசத் தகுந்த நீர் எத்தனைக் கிணறுகளில் உள்ளது? பத்தாண்டுகளுக்கு முன் எத்தனையில் இருந்தது?